வீட்டில் பெறுவதென்று நாம் தீர்மானித்தபோது

இதை நாம் இருவரும், கணவனும் மனைவியுமாக, ஒரே மேசையில் இருந்து எழுதுகிறோம். பிள்ளையைச் சுமந்தவர் ஒருவர், பக்கத்தில் நின்று பயந்தவர் மற்றவர். யார் எந்த வசனத்தை எழுதினார் என்று இப்போது எமக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆகவே ‘நாம்’ என்றே எழுதிவிடுகிறோம்.

எமது இரண்டாவது பிள்ளையை வீட்டிலேயே பெறுவதென்று 2018 ஆவணியில் தீர்மானித்தோம். பார்க் எக்ஸ்டென்சனில் ஒரு கதை வெளியே போனால் அது ஜோன் ரலோன் தெருவைக் கடக்கப் பத்து நிமிடம் போதும். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில், எமக்கு நன்கு தெரிந்த, எம்மில் அன்பு வைத்திருக்கும் ஒரு பெரியவர் ஓரமாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, “என்ன தம்பி, காட் இன்னும் வரேல்லையோ? காசு கீசு ஏதும் தேவையெண்டால் சொல்லுங்கோ” என்று கேட்டார். எமக்குச் சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைத்தது. அவர் 1980களின் பிற்பகுதியில் அகதியாக வந்திறங்கியவர். கையில் மெடிக்கெயர் அட்டை இல்லாத ஒருவர்தான் கனடாவில் வீட்டில் பிள்ளை பெறுவார் என்பது அவருடைய நினைப்பு. எம்மவரில் பெரும்பாலானோர் அப்படித்தான் நினைப்பார்கள். நாமும் சில மாதங்களுக்கு முன்வரை அப்படித்தான் நினைத்திருந்தோம்.

எம்மிடம் அட்டை இருந்தது. காரணம் வேறு.

மூத்தவன் 2014 இல் இந்த நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பிறந்தான். பெயர் வேண்டாம். அங்கு எமக்கு அநியாயம் ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளையும் தாயும் சுகமாகவே வீட்டுக்கு வந்தோம். ஆனால் அந்தப் பதினெட்டு மணித்தியாலத்தில் எமக்கு என்ன நடந்தது என்று எமக்கே தெரியாது. அப்போது எமது பிரெஞ்சு, கடையில் பால் வாங்கும் பிரெஞ்சு. ஆங்கிலம் அதைவிடச் சற்று மேல். நேர்ஸ்மார் மூன்று முறை மாறினார்கள். ஒவ்வொருவரும் வந்து ஏதோ கேட்டார்கள். நாம் ஒவ்வொன்றுக்கும் “வீ, வீ” என்று தலையாட்டினோம். அந்த ‘வீ’க்களில் ஒன்றுக்குப் பன்னீர்க்குடத்தை உடைத்தார்கள், இன்னொன்றுக்குச் சேலைன் ஏற்றி வலியைக் கூட்டினார்கள் என்பதைப் பல மாதங்களின் பின், ஆங்கிலம் நன்கு தெரிந்த உறவினர் ஒருவர் தாள்களைப் பார்த்துச் சொல்லித்தான் அறிந்தோம். அவை அந்த நேரத்தில் தேவைப்பட்டிருக்கலாம். தேவையா இல்லையா என்று கேட்க எம்மிடம் சொல் இருக்கவில்லை. கடைசியில் எல்லோருமாகச் சேர்ந்து “பூசே, பூசே” என்று கத்தினார்கள். முக்கச் சொல்கிறார்கள் என்று விளங்கவே சில நிமிடங்கள் ஆயின.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் டொக்ரர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் எமது பொடியளுக்குத் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தவர். ‘பிரசவ வைத்தியம்’ என்ற நூலை 1857 இலேயே தமிழில் அச்சிட்டார். அதற்கு 157 வருடங்களின் பின், அதே யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளான நாம் ஒரு பிரசவ அறையில் வாயில்லாப் பிராணிகளாகக் கிடந்தோம். குற்றம் யாருடையது என்று பார்ப்பதில் பயனில்லை. இரண்டாவது தடவை எம்மோடு ஆறுதலாகக் கதைக்கும் ஒருவர் வேண்டும் என்பது மட்டும் மனதில் நின்றது.

பிரெஞ்சு வகுப்பில் எம்மோடு படித்த ஒரு மொரோக்கோப் பெண்தான் ‘சாஜ் ஃபாம்’ என்ற சொல்லைத் தந்தார். மருத்துவிச்சி. ஊரில் நாம் அந்தச் சொல்லைக் கேட்டால் வெற்றிலைப் பெட்டியோடு வரும் ஒரு ஆச்சியைத்தான் நினைப்போம். இங்கே அது பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் எடுக்கும் தொழில். ஆனால் இங்கேயும் அது இலேசில் வந்ததல்ல. 1970களிலும் 80களிலும் கியூபெக்கில் மருத்துவிச்சிகள் சட்டத்துக்கு வெளியே நின்றுதான் பிள்ளை பெறுவித்தார்கள். 1990 இல் பரீட்சார்த்தமாக ஒரு சட்டம் வந்தது. 1994 முதல் ‘மெசோன் து நெசான்ஸ்’ எனப்படும் பிரசவ இல்லங்கள் திறக்கப்பட்டன. எம்மவர் நிறைய வாழும் கோட் டே நேஜிலும் அந்த வருடமே ஒன்று திறந்தது. 1999 இல் மருத்துவிச்சிகளுக்கென்று தனிச்சட்டமும் தனிச்சங்கமும் வந்தன. அதே வருடம் துறுவா ரிவியேர் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பும் தொடங்கியது. வீட்டில் பெறுவிப்பதற்கான ஒழுங்குவிதிகள் 2004 இல்தான் வந்தன. ஆக, 1990களில் இங்கு பிள்ளை பெற்ற எமது அக்காமார் யாருக்கும் இந்த வாசல் திறந்திருக்கவில்லை. அவர்கள் எம்மை விசர் என்று பார்ப்பதில் நியாயம் உண்டு.

இப்போது மெடிக்கெயர் அட்டை உள்ள தாய்க்கு இது இலவசம். வீடு, பிரசவ இல்லம், ஆஸ்பத்திரி என்று மூன்றில் எங்கே பெறுவது என்பதைத் தாயே தெரிவு செய்யலாம். ஆனால் எல்லோருக்கும் இடம் கிடைப்பதில்லை. மாகாணத்தின் பிரசவங்களில் நூற்றுக்கு நாலைந்துதான் மருத்துவிச்சிகளின் கையில் நடக்கின்றன. காத்திருக்கும் பட்டியல் நீளம். வயிற்றில் பிள்ளை என்று உறுதியான கிழமையே நாம் ரெலிபோன் எடுத்தோம், ஆவணியில்தான் திரும்ப அழைத்தார்கள். முதல் சந்திப்பு ஒரு மணித்தியாலம். ஒரு மணித்தியாலம்! குடும்ப டொக்ரரிடம் எட்டு நிமிடத்தில் எழும்பி வந்து பழகிய எமக்குக் கதிரையில் எப்படி இருப்பதென்றே தெரியவில்லை. விளங்காத சொல் வந்தால் அந்த அம்மா படம் கீறிக் காட்டினார். அன்று வீடு திரும்பும்போது பஸ்ஸிலேயே தீர்மானித்துவிட்டோம்.

தீர்மானம் ஐப்பசி வரை நின்றது. ஐப்பசியில் ஊரிலிருந்து அம்மா வந்தா.

அம்மாவுக்கு வந்து மூன்றாம் நாள் சொன்னோம். அவ கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு எம்மை மாறி மாறிப் பார்த்தா. “உங்களுக்கென்ன விசரே? அங்கை சனம் ஆஸ்பத்திரி இல்லாமச் செத்தது. நீங்கள் ஆஸ்பத்திரியைப் பக்கத்திலை வைச்சுக்கொண்டு வீட்டிலை பெறப்போறியளோ?”

அம்மா பேசுவது தெரிந்துதான். அவ 1958 இல் இணுவில் மக்லியட் ஆஸ்பத்திரியில் பிறந்தவ. 1898 இல் மிசன்காரர் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாகத் திறந்த அந்த ஆஸ்பத்திரியில் பிறந்தேன் என்று சொல்வது அவவுக்கு இன்றும் ஒரு பெருமை. தன் மூத்த பிள்ளையையும் அங்கேதான் பெற்றா. இரண்டாவது பிள்ளை, அதாவது எம்மில் ஒருவர், 1987 ஐப்பசியில். இந்திய இராணுவத்தின் நடவடிக்கை ஐப்பசி 10 இல் தொடங்கியது. ஊரடங்கு. றோட்டில் தலை காட்ட முடியாது. ஒரு குப்பி விளக்கு, பக்கத்து ஒழுங்கையிலிருந்து வேலிக்குள்ளால் பூந்து வந்த ஒரு மருத்துவிச்சிக் கிழவி, வெளியே ஷெல் சத்தம். அப்படித்தான் அந்தப் பிள்ளை பிறந்தது. அந்த மாதம் 21 ஆம் திகதி, தீபாவளி நாள், யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள்ளேயே டொக்ரர்மாரும் நேர்ஸ்மாரும் நோயாளரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். “நான் அண்டைக்கு அங்கை போயிருந்தால் நீ இல்லை, நானும் இல்லை” என்பா அம்மா. அப்படிச் சொல்கிறவவே வீட்டில் பெறுவதை ஏற்கவில்லை என்றால் அதற்கும் ஒரு கதை இருந்தது. அதை அவ எமக்கு அதுவரை முழுதாகச் சொன்னதில்லை.

சின்னம்மா. அம்மாவின் தங்கை. 1991 இல், உரும்பிராயில், வீட்டில் பிள்ளை பெற்றவ. பிள்ளை நல்லபடி வந்தது. நஞ்சுக்கொடியும் வந்தது. இரத்தம் நிற்கவில்லை. பெரியாஸ்பத்திரி ஐந்து கட்டை. பெற்றோல் தடை, கார் வைத்திருந்தவர்கள் மண்ணெண்ணெயில் ஓடிய காலம், அந்த இரவு அந்த மண்ணெண்ணெயும் ஒருவரிடமும் இருக்கவில்லை. கடைசியில் ஒரு மாட்டு வண்டி கிடைத்தது. கோண்டாவில் தாண்டும்போது அம்மாவின் மடியில் சின்னம்மாவின் கை குளிர்ந்துவிட்டது. இதை அம்மா எமது குசினியில், வெங்காயம் உரித்தபடி, எங்களைப் பார்க்காமல் சொன்னா. சொல்லி முடித்துவிட்டு, “இனி உங்கடை விருப்பம்” என்றா.

அன்றிரவு நாம் இருவரும் கதைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, இதை விட்டுவிடுவோம், ஆஸ்பத்திரிக்கே போவோம் என்று முடிவெடுத்து, அடுத்த சந்திப்பில் மருத்துவிச்சியிடம் சொல்லப் போனோம். எமது அரைகுறைப் பிரெஞ்சில் சின்னம்மாவின் கதையையும் சொன்னோம். அவர் இடையில் ஒன்றும் கேட்கவில்லை. முடிந்ததும் சற்று நேரம் இருந்துவிட்டு, “உங்கள் சின்னம்மாவைக் கொன்றது வீடா, பாதையா?” என்று கேட்டார்.

பிறகு ஒரு தாளை எடுத்தார். வீட்டில் பெறுவதற்கான திட்டம் என்று நாம் நினைத்திருந்தது மெத்தை, துவாய், வெந்நீர். அவர் எழுதியது முழுக்க வீட்டைவிட்டு வெளியேறும் திட்டம். எமது தெருவிலிருந்து எந்த ஆஸ்பத்திரி, எத்தனை நிமிடம், இரவில் எத்தனை, ஸ்னோவில் எத்தனை. 911 க்கு யார் எடுப்பது, அந்த நேரம் வாயில் வரவேண்டிய மூன்று பிரெஞ்சு வசனங்கள் எவை. எவை எவை கண்டால் வீட்டில் ஒரு நிமிடமும் நிற்பதில்லை: பிள்ளையின் இருதயத் துடிப்பு இறங்கினால், பன்னீர்க்குடத்து நீர் நிறம் மாறினால், காய்ச்சல் வந்தால், பிரஷர் ஏறினால், இரத்தம் அளவு மீறினால். எவை எவை இருந்தால் வீடு என்ற பேச்சே கிடையாது: இரட்டைப் பிள்ளை, கால்மாறிக் கிடக்கும் பிள்ளை, 37 கிழமைக்கு முன் வலி. இரத்தத்தை நிறுத்தும் ஊசிமருந்து அவரது பையிலேயே இருக்கும். ஒட்சிசன் இருக்கும். மூச்செடுக்காத பிள்ளைக்கு மூச்சுக் கொடுக்கும் கருவி இருக்கும். ஒருவரல்ல, பயிற்சி பெற்ற இருவர் நிற்பார்கள். சின்னம்மாவிடம் அந்த ஊசி இருந்திருந்தால் என்று நாம் இருவரும் ஒரே நேரத்தில் நினைத்தோம். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

கணக்கும் கேட்டோம். மறைக்காமல் சொன்னார். இங்கிலாந்தில் அறுபத்து நாலாயிரத்துக்கு மேற்பட்ட, சிக்கல் எதிர்பார்க்கப்படாத பிரசவங்களைப் பார்த்து 2011 இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், முன்பு பெற்ற தாய்மார் வீட்டில் பெறத் திட்டமிட்டால் பிள்ளைக்கு வரும் ஆபத்து ஆஸ்பத்திரியைவிடக் கூடியதாகக் காணப்படவில்லை. ஆனால் முதற்பிள்ளைக்காரருக்கு அது கூடியிருந்தது: ஆயிரத்துக்கு ஐந்து என்றிருந்தது ஒன்பதளவாக. வீட்டில் தொடங்கி ஆஸ்பத்திரிக்கு மாற நேர்ந்தவர்கள் முதற்பிள்ளைக்காரரில் நூற்றுக்கு 45 பேர், மற்றவரில் நூற்றுக்கு 12 பேர். இது எமக்கு முதல் பிள்ளையாக இருந்திருந்தால் நாம் பிரசவ இல்லத்தையோ ஆஸ்பத்திரியையோதான் தெரிந்திருப்போம். வாசிக்கும் புதுத்தம்பதிகள் இதைக் கவனிக்கவும்.

இந்தத் தாளை வீட்டில் அம்மாவுக்குத் தமிழில் எழுதிக் கொடுத்தோம். அவ கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தா. பதில் சொல்லவில்லை. ஆனால் மறுநாள், “அந்த மனிசி என்னோடை கதைப்பாவோ?” என்று கேட்டா.

அதற்கிடையில் சீனிப் பரிசோதனை வந்து எம்மைக் குழப்பியது. எமது சனத்துக்கு, தென்னாசியப் பெண்களுக்கே, வயிற்றில் பிள்ளை இருக்கும்போது நீரிழிவு வரும் வாய்ப்புக் கூட. 24 இலிருந்து 28 கிழமைக்குள் இனிப்புத் தண்ணீர் குடிக்க வைத்து இரத்தம் எடுப்பார்கள். எமக்கு எல்லையைச் சற்றுத் தாண்டியிருந்தது. சாப்பாட்டால் கட்டுப்பட்டால் தன்னிடமே தொடரலாம், இன்சுலின் தேவைப்பட்டால் டொக்ரரின் பொறுப்புக்கு மாற வேண்டும் என்றார் மருத்துவிச்சி. அன்று முதல் எமது வீட்டில் பகை நாடு எது என்றால் சம்பா அரிசி. வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு இரவில் புட்டு அவிக்காமல் விடுவதா என்று அம்மா பட்ட வேதனையைச் சொல்லி மாளாது. குரக்கன் புட்டு, அதுவும் ஒரு பிடி, கீரையும் மீனும் கூட. சாப்பிட்டபின் ஜோன் ரலோன் தெருவில் அரை மணித்தியால நடை, குளிரோ மழையோ. விரல் நுனியில் குத்திக் குத்திப் பார்த்தோம். கட்டுப்பட்டது. உண்மையைச் சொன்னால் இந்த மூன்று மாதம்தான் முழுக்கதையிலும் கடினமான பகுதி. யாரும் அதைப் பற்றிக் கேட்பதில்லை.

36 ஆம் கிழமை மருத்துவிச்சி வீடு பார்க்க வந்தார். எமது வீடு ஒரு நாலரை. மொன்றியலில் இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை, மற்ற ஊர் வாசகர்களுக்கு: இரண்டு படுக்கையறை, ஒரு ஹோல், ஒரு குசினி நாலு, குளியலறை அரை. இரண்டாம் மாடி. தெருவிலிருந்து ஏறுவது இந்த ஊருக்கே உரிய வளைந்த இரும்புப் படிக்கட்டில். அவர் கட்டிலைப் பார்க்கவில்லை, முதலில் படிக்கட்டைத்தான் அளந்தார். தூக்குக்கட்டில் அந்த வளைவில் திரும்பாது. ஆகவே போவதென்றால் நடக்கக்கூடிய நேரத்திலேயே போய்விட வேண்டும், கடைசி நிமிடம் வரை பார்த்துக்கொண்டிருக்க இந்த வீடு இடம் தராது என்றார். ஸ்னோ கொட்டினால் உடனே வழித்து உப்புப் போட வேண்டும். எந்த நேரமும். இந்த வேலையை அம்மா தான் எடுப்பதாகச் சொன்னா. நாம் திகைத்துவிட்டோம். கையுறை போடவே தெரியாத மனிசி.

அன்று அம்மாவும் மருத்துவிச்சியும் இரண்டு மணித்தியாலம் கதைத்தார்கள். நாம் நடுவில் இருந்து மொழி மாற்றினோம். மின்சாரம் போனால் என்ன செய்வது என்பது அம்மாவின் முதல் கேள்வி. அது நியாயமான கேள்வி என்றார் அவர். 1998 தை மாதத்து ஐஸ் புயலில் இந்த நகரமே நாட்கணக்கில் இருளில் கிடந்ததைப் பழைய ஆட்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பற்றரி விளக்கு இரண்டு வாங்கினோம். அம்மா போதாதென்று ஒரு ஜாம் போத்தலைக் கழுவித் திரி போட்டு வைத்தா. ஒட்சிசன் வைத்திருக்கும் அறையில் நெருப்பு வேண்டாம் என்று அதை மட்டும் அவர் சிரித்தபடி எடுத்து அப்பால் வைத்தார்.

பிறகு அவர் அம்மாவிடம் கேட்டார்: 1987 இல் அந்தக் கிழவி என்ன செய்தா? அம்மா எழும்பி நின்று காட்டினா. படுக்க விடவில்லையாம். யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வைத்து, நாரியை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே இருந்தாவாம், விடியும்வரை. மருத்துவிச்சி தன் உள்ளங்கையைக் காட்டி, நானும் அதைத்தான் செய்வேன் என்றார். அம்மா அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தா.

இலங்கையின் கதையை அவர் எம்மைவிட நன்கு அறிந்திருந்தார் என்பது எமக்கு வெட்கமாக இருந்தது. 1930களில் இலங்கையில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் செத்தார்கள். இன்று அது ஐம்பதுக்கும் குறைவு. 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையும், ஒவ்வொரு வீட்டுப் படலையையும் திறந்து வந்த அந்த வெள்ளைச் சேலை மிட்வைஃப்மாரும், அவர்களுக்குப் பின்னால் இருந்த இலவச ஆஸ்பத்திரியும்தான் அதில் பெரும்பங்கு. அம்மா அந்த இடத்தில் குறுக்கிட்டு, “பின்னாலை ஆஸ்பத்திரி இருக்கேக்கைதான் முன்னாலை மிட்வைஃப்” என்றா. அதை நாம் பிரெஞ்சுக்கு மாற்றச் சற்றுக் கஷ்டப்பட்டோம்.

ஒரு பிரச்சினை மட்டும் மருத்துவிச்சியால் தீர்க்க முடியாததாக இருந்தது. எமது சாமி அலுமாரி இருந்தது அதே படுக்கையறையில். பிள்ளை பிறந்தால் 31 நாள் துடக்கு. துடக்கு வீடு என்பது ஒன்று, சாமிக்கு முன்னாலேயே பெறுவது என்பது இன்னொன்று. ஐயரைக் கேட்போமா என்றோம். அம்மா ஒருவரையும் கேட்கவில்லை. படங்களைப் பட்டு வேட்டியில் சுற்றிக் கீழ்வீட்டுத் தமிழ்க் குடும்பத்திடம் கொடுத்துவிட்டு வந்தா. முருகன் ஒரு மாதத்துக்கு மேல் அங்கே வாடகை இல்லாமல் இருந்தார்.

2019 மாசியில் ஓரிரவு பத்து மணிக்கு வலி தொடங்கியது. வெளியே ஸ்னோ. பதினொரு மணிக்கு ஸ்னோ அள்ளும் வாகனங்களுக்காகக் கார்களை எடுக்கச் சொல்லும் சைரன் தெருவில் ஊதியது. அம்மா ஒரு கணம் சுவரோடு ஒட்டி நின்றா. பிறகு சவலை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனா. ஒரு மணிக்கு மருத்துவிச்சி வந்தார், மூன்று மணிக்கு இரண்டாமவர். எல்லாம் நன்றாகத்தான் போனது. யன்னலோரம் நின்று, சுவரைப் பிடித்து, ஒரு பக்கம் அம்மாவின் கை, ஒரு பக்கம் மருத்துவிச்சியின் கை. மூத்தவன் அடுத்த அறையில் நித்திரை.

நாலு மணிக்குப் பன்னீர்க்குடம் உடைந்தது. நீர் பச்சையாக, தடிப்பாக இருந்தது. பிள்ளை உள்ளேயே மலம் கழித்திருந்தது. மருத்துவிச்சி விளக்கைக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, குரலை உயர்த்தாமல், “நாங்கள் கதைத்தது ஞாபகம் இருக்கிறதா? இப்போது போகிறோம்” என்றார். அவ்வளவுதான். 911 க்கு எடுத்தோம், அந்த மூன்று வசனங்களும் வந்தன. ஊர்ஜான்ஸ் சாந்தே அம்புலன்ஸ் வந்தபோது நாம் ஏற்கெனவே படியில் இறங்கிக்கொண்டிருந்தோம், ஒரு வலிக்கும் மறு வலிக்கும் இடையில் ஐந்து படி. படியில் ஒரு பொட்டு ஸ்னோ இல்லை. பதினாலு நிமிடத்தில் ஆஸ்பத்திரி.

மகள் ஆறு மணி கழிந்து பிறந்தாள், உடனே கத்தினாள். அங்கே பொறுப்பு டொக்ரருடையது. ஆனால் மருத்துவிச்சி எமது தலைமாட்டில் நின்றார். யாராவது ஒன்றைக் கேட்டால், இதற்குத்தான் கேட்கிறார்கள், இதனால் இது ஆகும், யோசித்துச் சொல்லுங்கள் என்று மெதுவான, எமக்குப் பழக்கமான பிரெஞ்சில் விளக்கினார். நாம் இரண்டுக்கு ஓம் என்றோம், ஒன்றுக்கு வேண்டாம் என்றோம். அந்த ‘வேண்டாம்’ சொன்ன நிமிடத்தை எம்மில் ஒருவர் இன்றும் நினைத்து நினைத்துச் சந்தோசப்படுவார்.

வீட்டுக்கு ரெலிபோன் எடுத்தோம். பிள்ளை பொடியா பெட்டையா என்று அம்மா கேட்கவில்லை. “பாதை விட்டாங்களோ?” என்று கேட்டா. கேட்டபின்தான் தான் என்ன கேட்டோம் என்று விளங்கியிருக்க வேண்டும். அழத் தொடங்கினா. 

மறுநாள் வீடு வந்தோம். அதன்பின் மருத்துவிச்சி வீட்டுக்கே வந்து பார்த்தார், ஆறு கிழமைவரை அவருடைய பொறுப்பில்தான் இருந்தோம். வந்தபோதெல்லாம் அம்மாவின் பத்தியக் கறியை மணந்து பார்த்து என்ன என்ன போட்டது என்று எழுதிக்கொண்டார். பால் சுறாவுக்கு மொன்றியலில் அம்மா பட்ட பாடு தனிக்கட்டுரை. ஏதோ ஒரு சுறா கிடைத்தது, அதில் வறை செய்தா, பாலும் சுரந்தது.

வீடு தேறவில்லையே, வீண் வேலைதானே என்று சிலர் எம்மிடம் சொன்னார்கள். எமக்கு அப்படித் தோன்றவில்லை. நாம் எழுதிய தாளில் பாதியும் அந்தப் பதினாலு நிமிடத்துக்காக எழுதியதுதான், அது எழுதியபடியே நடந்தது. இன்னொரு பிள்ளை என்றால் திரும்பவும் வீட்டில்தான் தொடங்குவோம்.

விரும்புபவர்களுக்குச் சில விபரங்கள். வயிற்றில் பிள்ளை என்று தெரிந்த அன்றே பிரசவ இல்லத்துக்கோ உங்கள் பகுதி சி.எல்.எஸ்.சிக்கோ அழைத்துப் பெயரைப் பதியுங்கள், பிறகு மனம் மாறினால் விடலாம். அகதி விண்ணப்பம் விசாரணையில் இருப்பவர்களிடம் மெடிக்கெயர் அட்டை இராது, கூட்டாட்சி அரசின் இடைக்காலச் சுகாதாரத் திட்டத்தின் தாள்தான் இருக்கும். அந்தத் திட்டத்தை 2012 இல் வெட்டினார்கள், 2016 சித்திரையில் முழுதாகத் திருப்பித் தந்தார்கள். ஆகவே முதல் அழைப்பிலேயே உங்கள் நிலையைச் சொல்லி, எவை செல்லும் எவை செல்லாது என்று கேட்டு அறியுங்கள். இங்கே பிறந்து இங்கேயே வாழும் பிள்ளைக்கு, பெற்றோரின் பத்திரம் தீராவிட்டாலும், 2021 புரட்டாதி முதல் மெடிக்கெயர் உண்டு. எங்கே பிறந்தாலும் பிறப்பை 30 நாளுக்குள் பதிய வேண்டும். வீட்டில் பிறந்தால் அதற்கான தாளை மருத்துவிச்சியே தருவார்.

அம்மா இப்போது எம்மோடுதான் இருக்கிறா. மகளுக்குப் பள்ளிக்கூட வயதாகிவிட்டது, வீட்டில் பிள்ளை பெறுவார் யாருமில்லை. இரவில் ஸ்னோ கொட்டினால் படிக்கட்டை வழித்து உப்புப் போட்டுவிட்டுத்தான் படுப்பா. காலையில் செய்யலாம் என்று சொன்னால் கேட்பதில்லை.